விவசாயியின் டம்ளர்

அப்பா வேலை பார்த்த கட்டடத்தில் எல்லோரும் அவரை விவசாயி என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அவர் லிஃப்ட் மெக்கானிக்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை நான் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டி வந்தது. அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கட்டடச் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். நாலாவது மாடி இன்சூரன்ஸ் ஆபீஸின் மேனேஜரும் அவர்தான். அப்பா அவரை மேனேஜரம்மா என்பார். அதனால் எங்கள் வீட்டிலும் அவர் மேனேஜரம்மாதான்.

"மொட்டைமாடியில தோட்டம் போடறோம்மா. விவசாயி தோட்டம்னு பேர். அப்பா ஞாபகமா. நீயும் அம்மாவும் வந்து முதல் செடியை வைக்கணும். நீ நாலு வார்த்தை பேசணும். நீயும் செடி பத்தித்தானே படிச்சே? பொருத்தமா இருக்கும்."

"ம்" என்றேன்.

"அவருக்குத்தான் செடின்னா உயிராச்சே."

அதற்கும் "ம்" என்றேன். எங்கள் குடும்பத்தில் யோசிக்க நேரம் வேண்டுமென்றால் இப்படிச் சொல்வோம். கேட்பவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பாவின் வாழ்க்கையில் பாதி இப்படி நடந்ததுதான்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்குச் செடின்னா உயிராம்?"

"அப்பாவுக்கு."

"எந்த அப்பாவுக்கு?"

மடித்து வைத்த துண்டை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மனுஷன் கையில கிரீஸோடதான் வீட்டுக்கு வந்தாரு. வீட்ல ஒரு சோப்பு தங்கினதில்ல. ஒருநாள், ஒரே ஒருநாள், மண்ணோட வந்து நான் பார்த்ததில்ல. நீ போய் லிஃப்டைப் பத்திப் பேசு."

"அவங்க தோட்டம்ல போடறாங்க?"

"போடட்டும். நீ லிஃப்டைப் பத்திப் பேசு. அந்தாளு என்னவா இருந்தாரோ அதைச் சொல்றதுக்கு ஒரு வாய் கூடவா இல்ல இந்த வீட்ல? படிக்க வச்சது எதுக்கு?"

படிக்க வைத்தது எதற்கு என்று எனக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தாவரவியல். ஆசைப்பட்டு எடுத்ததில்லை, என் மதிப்பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் லேபிள்கள் நேராக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிறேன். அப்பாவைப் பற்றிப் பேச உட்கார்ந்தபோது ஒன்று புரிந்தது. அவர் ஆயுள் முழுக்க வேலை செய்த லிஃப்ட் மெஷின் ரூமுக்குள் நான் ஒரு தடவைகூடக் காலை வைத்ததில்லை.

ஆனால் தொடக்கம் தெரியும். அதை அவரே சொல்லியிருக்கிறார்.

அப்பா வயலில் பிறந்து வளர்ந்தவர் என்பது உண்மை. தாத்தாவுக்கு வெங்காயச் சாகுபடி. அப்பா கடைசிப் பிள்ளை. விதைத்தார், களை எடுத்தார், பறவை விரட்டினார், எல்லாம் செய்தார். எதுவும் அவருக்கு வரவில்லை. "உங்கப்பன் கை வச்ச பாத்தி மட்டும் தூரத்துலேர்ந்தே தெரியும்" என்பார் பெரியப்பா. "நல்ல தலையில நடுவுல வழுக்கை விழுந்த மாதிரி."

அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. குழப்பம்தான் இருந்தது.

"போன வருஷம் செஞ்சதையேதான் இந்த வருஷமும் செஞ்சோம். போன வருஷம் வந்துச்சு, இந்த வருஷம் வரலை. ஏம்ப்பான்னு கேட்டா உங்க தாத்தா மேல பார்ப்பாரு. நானும் மேல பார்ப்பேன். அங்க ஒண்ணும் எழுதியிருக்காது."

ஒருநாள் வெங்காய மூட்டைகளை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பெரிய கட்டடத்தின் உச்சி மாடியில் கேன்டீன். அப்பா மூட்டைகளோடு லிஃப்டில் ஏறினார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் அது நின்றுவிட்டது. உள்ளே அவரும் வெங்காயமும் மட்டும். அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் கதவைத் தட்டியிருப்பார்கள். அப்பா மூட்டைமேல் உட்கார்ந்து பித்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இப்படி எதுவுமே முளைக்காத ஒரு இடத்தில் அவர் அதுவரை இருந்ததில்லை. நன்றாக இருந்ததாம்.

வயதான மெக்கானிக் ஒருவர் வந்து கதவை நெம்பித் திறந்தார். அப்பா வெளியே வந்ததும் நன்றி சொல்லவில்லை.

"ஏன் நின்னுச்சு?"

மெக்கானிக் கதவுப் பூட்டுக்குள் இருந்த சின்னத் தகட்டைக் காட்டினார். "இது ஒட்டலை. ஒட்டலைன்னா கதவு தொறந்திருக்குன்னு நெனச்சு நின்னுடும்."

"ஒட்டினா ஓடுமா?"

"ஓடும்."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

"மழை பேஞ்சாலும் பேயலைன்னாலும்?"

"யோவ், மழைக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அப்பா விவசாயத்தை விட்டார். அடுத்த வாரம் துணிப்பையோடு அந்த மெக்கானிக்கின் முன்னால் போய் நின்றார். தாத்தா கேட்டாராம், "மேலயும் கீழயும் போற பெட்டிக்கு வேலைக்காரனா போறியாடா?" அப்பா சொன்ன பதில்: "அது போனா திரும்பி வருதுப்பா."

தாத்தா மறுபடி மேலே பார்த்தாராம். அந்த வருஷ விதை மண்ணுக்குள் போய்த் திரும்பி வராமல் இருந்தது.

வேலையை அப்பா பயபக்தியோடு கற்றுக்கொண்டார். ஒரு லிஃப்ட் ஓடுவது பெரிய விஷயம் இல்லை, நிற்பதுதான் விஷயம் என்பார். பெட்டியின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். ஒரு விரற்கடை தூக்கி நின்றாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். நிற்கும்போது உதறக் கூடாது. இதைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஸ்டீல் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, லிஃப்டின் நடுவில் தரையில் வைத்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு மாடி மாடியாகப் போவார். சிந்தினால் மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைத் திருகிவிட்டு மறுபடி வருவார். சிந்தாமல் நிற்கும்வரை விடமாட்டார்.

சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? தண்ணீரைச் சும்மா கொட்ட அவருக்குக் கை வராது. விவசாயத்திலிருந்து அவர் கொண்டுவந்தது இந்த ஒன்றுதான். கதவு எந்த மாடியில் திறக்கிறதோ அங்கே வராந்தாவில் இருக்கும் பூந்தொட்டியில் ஊற்றிவிடுவார்.

ஒருநாள் நாலாவது மாடியில் கதவு திறந்தது. அப்போது மேனேஜரம்மா மேனேஜர் இல்லை, புதிதாகச் சேர்ந்த கிளார்க். தரையில் குந்தியிருந்த ஆளையும் டம்ளரையும் பார்த்தார்.

"செடிக்குத் தண்ணியா?"

அப்பா பிரேக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

"உங்களுக்கு எந்தப் பக்கம்? வீட்ல விவசாயமா?"

"ம்." இதாவது உண்மை.

மத்தியானம் கேன்டீனில் அவர் சாப்பிடப் போனபோது யாரோ, "விவசாயி வராரு, எடம் விடுங்க" என்றார்கள். அன்றோடு அவருடைய பெயர் போய்விட்டது.

அதன் பிறகு தொட்டிகள் வர ஆரம்பித்தன. இலை மஞ்சளாகிறது, மொட்டு உதிர்கிறது, தண்டு சாய்கிறது என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஆட்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார்கள். அப்பாவிடம் இருந்த ஒரே வைத்தியம், "தண்ணியக் குறைங்க." ஆபீஸ்காரர்கள் வேலை செய்யச் சலிப்பாக இருக்கும்போதெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர்கள். ஆகவே பாதிச் செடிகள் இதிலேயே பிழைத்தன. மீதியை அவர் மெஷின் ரூமுக்குக் கொண்டுபோவார். சில நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அவை தளதளவென்று இருக்கும்.

"கைராசிங்க அவருக்கு" என்று கட்டடமே சொன்னது. மேனேஜரம்மாவின் சிவப்பு ரோஜா வாடி, மெஷின் ரூமுக்குப் போய், தேறி வந்து, மஞ்சளாகப் பூத்தது. "எடம் மாறினா கலர் மாறும்" என்றார் அப்பா. மேனேஜரம்மா அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

இந்தக் கைராசி எங்களுக்குப் புதிராகவே இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு துளசிகூட, ஒரு மணிபிளான்ட்கூடக் கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது நான் ஆராய்ச்சிக்கென்று ஒரு தொட்டி கொண்டுவந்தேன். மறுநாள் அது பக்கத்து வீட்டு வாசலில் இருந்தது. அன்று மட்டும் அப்பா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"பாப்பா, இலை ஏன் மஞ்சளாகுது?"

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். தண்ணீர் அதிகமாக இருக்கலாம், குறைவாக இருக்கலாம், வெளிச்சம், வேரழுகல், சத்துக் குறைவு, பூச்சி, வெறும் வயது.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "இதுல எது?"

"எதுன்னு சொல்ல முடியாதுப்பா."

"சொல்ல முடியாதா?" என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதுக்கா மூணு வருஷம்?"

போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து லிஃப்டில் ஏற்றினோம். மேலே போய் நின்று கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரம் வாசலில் தடுக்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. கண்ணை மூடியிருந்தவர் திறந்தார்.

"லெவல் இல்ல" என்றார் நர்ஸிடம். "யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

நர்ஸ் அவருடைய சர்க்கரை அளவைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து, பார்த்துட்டுத்தான் இருக்கோம் என்றார். அப்பா "ம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் பேசியவை மாத்திரை, தலையணை பற்றியவைதான். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

முதல் செடியைக் குடும்பம் கொண்டுவர வேண்டும் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அம்மா, "எது தொந்தரவு குடுக்காதோ அதை வாங்கு" என்று சொல்லி அனுப்பினாள். பஸ் திரும்பும் இடத்தில் ஒரு நர்சரி இருக்கிறது. சாக்கு விரிப்பில் உட்கார்ந்திருந்த நர்சரிக்காரம்மா, என்ன விசேஷம் என்று கேட்டார். கட்டடத்தின் பெயரைச் சொன்னேன்.

"லிஃப்ட்காரர் பொண்ணா நீ?"

ஆமாம் என்றேன். அவரை லிஃப்ட்காரர் என்று சொன்ன முதல் வெளியாள் இவர்தான்.

"அடப்பாவமே" என்று மண் கையை முந்தானையில் துடைத்தார். "கேள்விப்பட்டேன்மா. எவ்வளவு வருஷத்து கஸ்டமர். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வியாபாரத்துக்கும்தான், பொய் சொல்வானேன்."

"எங்கப்பா இங்க என்ன வாங்குவாரு?"

"என்னத்தை வாங்குவாரு? செத்த செடியோட தொட்டியைத் தூக்கிட்டு வருவாரு. அதே மாதிரி உயிரோட ஒண்ணு வேணும்பாரு. பழசைப் பிடுங்கிட்டுப் புதுசை அதே தொட்டியில வச்சுக் குடுப்பேன். அந்த மோட்டார் ரூம்ல ஒரே சூடாமே? அங்க வச்சா அரளி கூடச் சாகும்."

நான் பக்கத்தில் இருந்த உரமூட்டையின்மேல் உட்கார்ந்தேன்.

"ஒரு தடவை ரோஜா. மொட்டு இல்லாத செடியா இருந்துச்சு, என்ன கலர்னு எனக்கே தெரியலை, குடுத்துட்டேன். அப்புறம் மஞ்சளா பூத்துடுச்சுன்னு தலையில கை வச்சுட்டு வந்தாரு. அதே கட்டடத்துப் பல் டாக்டரோட கள்ளிச் செடிக்கு என்கிட்ட அந்த ஜாதியே இல்ல. பிளாஸ்டிக்ல இருந்துச்சு. வச்சுக் குடுத்தேன்."

"டாக்டருக்குத் தெரியாதா?"

"தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லிட்டாராமே உங்கப்பா. அப்புறம் எப்படித் தெரியும்?"

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டதுண்டா என்றேன்.

"கேக்காம இருப்பேனா? ஏண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்லன்னேன். அதுக்கு அவரு, ரிப்பேருக்குன்னு கையில குடுத்துட்டாங்க, ஓடாம எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னாரு. ஏமாத்தறது இல்லையான்னு கேட்டேன். கோவம் வந்துடுச்சு. தொட்டி அவங்களோடதுதான், பார்ட்டுதான் மாத்தியிருக்குன்னாரு."

தொந்தரவு கொடுக்காத செடி ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். மடியில் தொட்டி. இதுவரை எனக்கு ஒரு சின்னப் பிரச்சினைதான் இருந்தது. லிஃப்டைப் பற்றிப் பேசினால் தோட்டம் போடுகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்பது. இப்போது அது பெரிதாகிவிட்டது. அவர் செடிக்காரர் இல்லை என்று சொன்னால், பிறகு இத்தனை செடிகள் பிழைத்தது எப்படி என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அப்பா பித்தலாட்டக்காரர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் எதை விட்டு ஓடிவந்தாரோ அதன் பெயரிலேயே ஒரு பலகைக்குக் கீழே காலம் முழுக்க மாட்டிக்கொள்வார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்டிக் கள்ளி வரும்போது மட்டும் அவளுடைய உதடு கொஞ்சம் அசைந்தது.

"எல்லாம் தெரிஞ்சா அப்பாவை என்ன நெனைப்பாங்க?"

"மெக்கானிக்னு நெனைப்பாங்க" என்றாள் அம்மா. "பார்ட்டு மாத்தியிருக்காரு. அதுல என்ன அசிங்கம்? நீ சொல்லு."

"நம்பலைன்னா?"

"நீ முதல்ல சொல்லேன்டி."

கூட்டம் ஒரு சாயங்காலம். ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். லிஃப்டில் உச்சி மாடிவரை போய், கேன்டீனைத் தாண்டி, படியேறி மொட்டைமாடிக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசையாக மண் நிரப்பிய தொட்டிகள். ஓரத்தில் சிமென்ட் அறை ஒன்று, கம்பிவலை ஜன்னல், இரும்புக் கதவு, பூட்டு. உள்ளே ஏதோ உறுமி அடங்கியது. மெஷின் ரூம் அதுதான் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவுக்கு முன்னால் ஃபியூஸ் நின்றிருந்தார். அப்பாவோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பட்டென்று கோபம் வந்து பட்டென்று அணைந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். இப்போது லிஃப்ட் அவர் பொறுப்பில்.

"வாங்கண்ணி" என்றார் அம்மாவிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தத் தொட்டி எல்லாத்தையும் என் கதவுக்கு முன்னாலயே வச்சிருக்காங்க. ஒரு அவசரம்னா நான் எப்படி உள்ள போறது? அண்ணன் இருந்தா விட்டிருப்பாரா?"

மேனேஜரம்மா துணியை விலக்கிப் பலகையைத் திறந்தார். பச்சையில் வெள்ளை எழுத்து. விவசாயி தோட்டம். ஓரத்தில் ஒரு ஏர் வரைந்திருந்தது. பெரியப்பா அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து குலுங்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். "மனசைத் தேத்திக்கங்க. கூடப் பொறந்த பாசம் அப்படித்தான்." பெரியப்பாவின் குலுக்கல் இன்னும் அதிகமானது.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்ததை எடுக்கவில்லை. எடுத்தால் அதிலிருந்த அழகான வார்த்தைகளைப் படித்துவிடுவேன் என்று பயம்.

வெங்காய மூட்டையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். டம்ளரைச் சொன்னேன். அந்தத் தண்ணீர் செடிக்கு இல்லை, லிஃப்டுக்கு என்றேன். மெஷின் ரூமில் செடிகள் செத்துப்போனதையும், நர்சரியில் அதே மாதிரி வேறு செடி வாங்கி அதே தொட்டியில் வைத்துக் கொடுத்ததையும் சொன்னேன். "எங்க அப்பாவுக்குச் செடி பத்தி ஒண்ணும் தெரியாது. ரிப்பேருக்குக் குடுத்த எதையும் ஓடாமத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியும். அவர் நல்ல லிஃப்ட் மெக்கானிக்."

உட்கார்ந்தேன்.  முகத்தைத் துடைக்க முந்தானையைப் பிடித்தேன். பிடித்தது அம்மாவின் முந்தானை.

மேனேஜரம்மா எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்! அப்படியே அப்பா. அவரும் இதேதான். என்ன பாராட்டினாலும், நான் ஒண்ணும் பண்ணலைங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னுதான் சொல்லுவாரு."

பெரிய கைதட்டல். "என் கள்ளி இன்னிக்கும் அப்படியே இருக்கு" என்றார் பல் டாக்டர். "ஒரு முள்ளு உதிரலை. கைராசி இல்லைன்னா என்ன இது?"

"மேடம், நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன். கைதட்டலில் அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அடக்கம் என்றுதான் எடுத்திருப்பார்கள். தன் கைராசியைப் பற்றி அப்பா சொன்ன ஒரே உண்மையை இவர்கள் ஏற்கனவே பல தடவை கேட்டுக் கைதட்டியிருக்கிறார்கள். நான் என்ன புதிதாகச் சாதித்துவிடப் போகிறேன்?

அம்மா கைதட்டவில்லை. செடியை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினாள். பிறகு ஃபியூஸிடம் போனாள்.

"தம்பி, இந்தக் கதவைத் தொறங்க."

தொட்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு அவர் திறந்தார். உள்ளே எண்ணெய் வாசனை. ஒரு பெரிய சக்கரம், அதன்மேல் கம்பிக் கயிறுகள், பக்கத்தில் மோட்டார். ஒரு மடக்கு நாற்காலி, பஞ்சு பிதுங்கிய மெத்தை. தரை எங்கள் சமையலறையைவிடச் சுத்தமாக இருந்தது. அம்மா எதையும் தொடாமல் மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். கருவிகள் வைக்கும் பலகைமேல் ஒரு ஸ்டீல் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

"என் டம்ளர்" என்றாள்.

"அண்ணனோடதுங்க, அண்ணி. நான் எடுக்கலை, அப்படியே வச்சிருக்கேன்."

"எங்க அம்மா வீட்டு சீர்ல வந்த செட்டு. ஒண்ணு குறையுது குறையுதுன்னு நான் வேலைக்காரி, பாத்திரக்காரன் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். இவரும் சேர்ந்து தேடினாரு தம்பி. கட்டிலுக்கடியில எல்லாம் குனிஞ்சு தேடினாரு."

ஃபியூஸ் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டம்ளரை எடுத்து, முந்தானையால் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கேன்டீன் குழாயில் அதை நிரப்பினாள். விளிம்பு வரை. லிஃப்ட் வந்தது. நடுவில் தரையில் வைத்தாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நானும் ஃபியூஸும் சுவரோடு ஒட்டி நின்றோம். பெரியப்பா, தனக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, படியில் வருகிறேன் என்று போய்விட்டார்.

கதவு மூடும்போது ஒரு கை குறுக்கே வந்தது. மேனேஜரம்மா. நாலாவது மாடியில் கைப்பையை விட்டுவிட்டு வந்திருந்தாராம். உள்ளே வந்தவர் கீழே பார்த்தார்.

"செடிக்குத் தண்ணியாம்மா?"

அம்மா டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லைங்க. லிஃப்டுக்கு."

மேனேஜரம்மா டம்ளரைச் சுற்றிக் காலை ஜாக்கிரதையாக வைத்து மூலையில் போய் நின்றார். லிஃப்ட் இறங்கியது. தண்ணீர் விளிம்பில் லேசாக மினுங்கியது. நாலாவது மாடியில் நின்று கதவு திறந்தது. தண்ணீர் ஒரு பக்கம் சாய்வது போலப் போய் நேரானது. மேனேஜரம்மா இறங்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

மூன்றாவது மாடியைத் தாண்டும்போது அவர் சொன்னார், யாரிடம் என்று தெரியவில்லை:

"என்னோடது சிவப்பு ரோஜா."

கீழ்த்தளம் வந்தது. ஒரு சின்ன உதறல். டம்ளரின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு வழிந்து தரைக்கு வந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். ஃபியூஸின் காது சிவந்துவிட்டது.

"பிரேக்கு" என்றார். "இப்பவே போய்ப் பார்த்துடறேன் அண்ணி. இங்கயே இருங்க, இறங்கிடாதீங்க."

அவர் படியில் தாவி ஏறிப் போனார். அம்மா டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி, சரியாக நடுவில் வைத்தாள். மேனேஜரம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்கு எதிரில் தரையில் குந்தினார்.